சிவப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது

காலை எட்டரை மணி. லேசான தூறல். ரயில்வே கேட்டில் இரண்டு சிவப்பு விளக்குகளும் மாறி மாறி மின்னின. மணியும் விடாமல் அடித்தது. ரயிலைத்தான் காணோம். வராது என்பது அந்தத் தெருவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

"என்னண்ணே, உங்க லைட்டுக்கு மறுபடியும் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று பால்வண்டிக்காரர் கத்தினார்.

விளக்குப் பெட்டியைப் பழுது பார்க்கும் லைட்டுக்காரர் எழுந்தார். தண்டவாளத்தின் இருபுறமும் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். "வாங்க, வாங்க, ஒண்ணும் வரல!" வண்டிகள் சிவப்பைக் கடந்து போயின.

அந்தக் கேட்டில் தடுப்புக் கம்பி கிடையாது. விளக்கும் மணியும்தான் காவல். தண்டவாள இணைப்பில் மின்சாரம் தாவாமல் தடுக்கும் தகடு தேய்ந்துபோயிருந்தது. லேசாகத் தூறினாலும் போதும், ரயில் வந்துவிட்டதாக விளக்கு மின்னத் தொடங்கும். புதுத் தகடு கேட்டு லைட்டுக்காரர் ஏழு தடவை எழுதினார். கிணற்றில் போட்ட கல்தான்.

எட்டாவது தடவை சூப்பர்வைசர் கூப்பிட்டு விட்டார்.

"யோவ், பழுதுன்னு நீ எழுதினா மேல இருந்து எனக்குத்தான் பாட்டு விழுது. ரயில் வரும்போது எரியலன்னாதானே ஆபத்து? சும்மா எரிஞ்சா யாரு செத்தா? 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதிட்டுப் போய்யா."

எழுதினார். மறுநாளும் எழுதினார். நாலு மாதம் எழுதினார். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி, நமக்கெதற்கு வம்பு? அடடா, இந்த 'நமக்கெதற்கு வம்பு' நம்மில் எத்தனை பேரின் வாயைக் கட்டி வைத்திருக்கிறது!

அவர் மனைவிக்குச் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் வேலை. ஐந்து நிமிடம் பிந்தினாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

"ஏங்க, உங்க லைட்டால தினமும் திட்டு வாங்கறேன்."

"லைட்டைப் பாத்துட்டு ஏன் நிக்கறே? என் கையைப் பாரு. ஆட்டினா வந்துடு."

அந்த வியாழக்கிழமையும் தூறல். காலையிலிருந்தே சிவப்பு மின்னியது. இரண்டு முறை கையாட்டி வண்டிகளை அனுப்பிவிட்டு, பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். திடீரென்று காலடியில் ஜல்லி அதிர்ந்தது. நிமிர்ந்தால் குடோன் சுவரை ஒட்டிய வளைவில் இன்ஜின் வருகிறது. எதிர்ப்பக்கம் ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக ஸ்கூட்டரில் அவர் மனைவி.

"வராதே! நில்லு! நில்லுடி!"

இரண்டு கைகளையும் ஆட்டினார். மணிச் சத்தத்தில் குரல் எடுபடவில்லை. அவளுக்குத் தெரிந்தது கை மட்டும்தான். வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு வண்டியை முறுக்கினாள்.

உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு சூப்பர்வைசர் வந்தார். பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"விசாரணை முடிஞ்சுது. சிவப்பு எரிஞ்சிருக்கு, மணி அடிச்சிருக்கு. விளக்கு நல்லா இருந்துச்சுன்னு பதிவேட்டுல உன் கையெழுத்தே இருக்கு. தப்பு வண்டி ஓட்டினவங்க மேலன்னு முடிச்சுட்டாங்க."

"அது பொய்க் கையெழுத்து சார்! நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"நான் சொன்னேன்னு எங்கய்யா எழுதியிருக்கு?"

ஒரு கையெழுத்தால் லைட்டுக்காரர் தன் பெண்டாட்டியைத் தானே குற்றவாளி ஆக்கிவிட்டு நின்றார். சூப்பர்வைசர் போய்விட்டார்.

வெளியே தூறல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கேட் மணி அடிக்க ஆரம்பித்தது. தகட்டை இன்னும் மாற்றவில்லை. அவர் பதறிப்போனார்.

"ஐயோ, அங்க இப்ப யாரு கையாட்டறாங்களோ!"

கட்டிலில் கிடந்த மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போய் உண்மையைச் சொல்லுங்க. வேலை போனா போகட்டும். என் காலு திரும்ப வராது, தெரியும். அன்னிக்கு அந்த லைட்டு உண்மையைத்தாங்க சொல்லுச்சு. அதை நம்பக் கூடாதுன்னு ஊருக்கே பழக்கி விட்டது நாமதான். கெட்டுக் கிடக்கறதை நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தா, அது என்னிக்காவது ஒருத்தர் உயிரைக் கேக்கும். அந்த ஒருத்தர் நம்ம வீட்டு ஆளாவும் இருக்கலாம்."