சாமியார் வாசலில் நிற்கிறார்

1

மலேசியாவில், கிள்ளானில் ஒரு சாவு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்த சங்கதி இது. சொன்னவர் பாதியில் எழுந்து போய்விட்டார். மீதியை எழுத உட்கார்ந்தேன், வேண்டாத வேலை.

முதல் வரி: '1931. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் மழை...' வேண்டாம். மழையை வைத்து அழவைப்பது சுலபம்.

2

கொர்னேலியஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரயில்பாதையில் சிலிப்பர் கட்டை தூக்கியே குடல் இறங்கியவர். வேட்டிக்குள் பட்டியைக் கட்டி மறைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது இறங்கிய குடல் முறுக்கிக்கொண்டு வயிறு கல்லாகக் கிடக்கிறது. (மனைவி உர்சுலா விளக்கெண்ணெய் கொடுத்துக் கெடுத்தாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். பாவம், அவள் தலையில் எத்தனையைத்தான் ஏற்றுவது?)

ஆஸ்பத்திரி டாக்டர் மழுப்பவில்லை.

"அறுக்காட்டி நாளைக்குத் தாங்காதும்மா. அறுத்தாலும் இந்த வயசுல பொழைக்கிறவங்க கொஞ்சந்தான். பொழைச்சாலும் நெஞ்சுல சளி கட்டிட்டா கஷ்டம்."

3

கதையே இங்கேதான். கத்தி வைக்குமுன் மாதா கோயில் சாமியாரை அழைத்து, சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆத்துமம் என்ன ஆவது? ஆனால் கொர்னேலியஸின் அண்ணன் அம்புரோஸ், சாமியார் கையில் எண்ணெய்ச் சிமிழைக் கண்டதுமே "அப்ப நான் போறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்; எழவேயில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் சாமியார் வந்தாலே சாவு.

"உர்சு, சாமியாருக்குச் சொல்லிட்டியா?" கொர்னேலியஸ் அவள் கண்ணையே பார்த்தார்.

"எதுக்கு? நீங்க என்ன சாகவா போறீங்க?"

அவர் முகம் தெளிந்தது. "அப்ப அறுக்கச் சொல்லு லா."

(உர்சுலா அப்போது நினைத்தாள், தன் வாழ்வில் முதன்முறை... இல்லை. அவள் எதையும் நினைக்கவில்லை. அறுக்கச் சொல்ல டாக்டரிடம் ஓடினாள், அவ்வளவுதான்.)

4

அவரை அறுவை அறைக்குள் கொண்டுபோன கையோடு சாமியாருக்கு ஆளனுப்பினாள். பொய் சொன்ன வாயில் தானே இரண்டு போட்டுக்கொண்டாள்.

முடிவு ஒன்று: பிழைக்கிறார். நம்புவீர்களா? எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: கத்திக்கடியிலேயே... சீ, அதற்கும் கை வரவில்லை.

5

அறுவை முடிந்தது. காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசர் வேலாயுதம் வார்டுக் கதவைத் திறந்தார்.

"உசுரு இருக்கும்மா. நாடிதான் சரியில்ல. இப்பவே கண்ணு முழிச்சாலும் முழிப்பாரு. முழிக்காமலே போனாலும் போயிடுவாரு."

சாமியார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார், கையில் சிமிழோடு. "உள்ள போகட்டுமாம்மா?"

போனால், எண்ணெய் நெற்றியில் படும்போதே அவர் விழித்துவிடலாம். சாமியாரைப் பார்ப்பார், பெண்டாட்டி சொன்னது பொய் என்று தெரியும், சுவர்ப்பக்கம் திரும்புவார். போகாவிட்டால், பூசாமலே போய்விடுவார்.

உர்சுலா வார்டுக் கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டாள். முடிவு சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை, சத்தியமாக. சாமியார் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். நீங்களாவது சொல்லுங்கள், போகட்டுமா?