நாளுக்கு முப்பத்தாறு அடி

1977ஆம் ஆண்டு நவம்பரில் மலைச்சரிவில் மண்மூடிப் போன வேலாயுதம், நாளுக்கு முப்பத்தாறு அடி வீதம், ஞாயிறும் பண்டிகையும் நீங்கலாகப் பதினாறரை வருடம் நகர்ந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் இருந்த தன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். மொத்தம் முப்பத்துநான்கு மைல். நம்பாதவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம், சரியாகத்தான் வரும்.

முப்பத்தாறு அடி என்பது யாரும் இட்டுக்கட்டியதல்ல. பகாங் எல்லையை ஒட்டிய பழைய மலைப்பாதையைத் திரும்பப் போட்டபோது ஒரு கும்பலுக்கு ஒரு நாளைக்கு விதித்த வேலை அது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். நடுவில் முப்பத்தாறு அடிக்குக் கல் பரப்பித் தார் ஊற்றிவிட்டால் மத்தியானமே கையைக் கழுவிக்கொள்ளலாம். மழை பிடித்தால் நேற்றுப் போட்ட சாலை இன்று பள்ளத்தில் கிடக்கும். அதையும் எடுத்துத் திரும்பப் போட வேண்டியதுதான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவ்வப்போது பேர் கூப்பிடுவார். எவனாவது ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தால் பக்கத்தில் நிற்பவன் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவான். அதை யாரும் பொய்யென்று நினைத்ததில்லை. நாளைக்கு இவன் குளிக்கப் போனால் அவன் குரல் கொடுப்பான்.

அன்று பத்து மணிவாக்கில் பாறை சரிந்தது. தூசி அடங்கியதும் மண்டோர் பேர்களைக் கூப்பிட்டார். வேலாயுதத்தின் பேர் வந்தபோது, ரோலர் ஓட்டும் இராமலிங்கம், கூட்டாளி ஓடைப் பக்கம் போயிருப்பான் என்று நினைத்து, "இருக்கேன்" என்றார். எல்லோரும் இருந்ததாகப் புத்தகத்தில் ஏறியது. பிறகென்ன, சாலையைத் திறந்தாக வேண்டும். சரிந்த மண்ணை அங்கேயே சமன் செய்து கல் பரப்பினார்கள். மேலே ரோலர் ஓட்டியவரும் இராமலிங்கம்தான். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தூக்குச்சட்டி மட்டும் திறக்காமல் இருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்று நாள் தோண்டினார்கள். கல்லும் தாரும்தான் கிடைத்தன.

வேலாயுதத்தின் மனைவி தனலெட்சுமிக்கு அப்போது வயது இருபத்தாறு. போலீசில் அடையாளம் கேட்டார்கள். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், இடது காலில் வெட்டுத் தழும்பு என்றாள். புத்தகப்படி வேலைக்கு வந்திருக்கும் ஆளைச் செத்ததாக எழுத எந்த ஆபீசும் ஒத்துக்கொள்ளவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி போட்டுவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். தனலெட்சுமி தாலியை முந்தானைக்குள் தள்ளிவிட்டு, "ஆளு வேலையில இருக்காருன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் யாருக்குக் கொள்ளி?" என்றாள். அவள் அழவில்லை. அழுத்தக்காரி என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மரத்துப்போன காலோடு நடப்பதுபோல அவள் பாட்டுக்குச் சோறு வடித்தாள், துணி துவைத்தாள்.

இரண்டு வாரம் கழித்துச் சாலையில் ஒரு மேடு தெரிந்தது. ஒரு ஆள் குறுக்கே படுத்தால் இருக்கும் அளவு. இராமலிங்கம் ரோலரை ஏற்றி நசுக்கினார். மறுநாள் அது முப்பத்தாறு அடி கோலாலம்பூர் பக்கமாகத் தள்ளி இருந்தது. கம்பெனி இஞ்சினியர் ஐந்து தடவை தோண்டச் சொன்னார், பிறகு வேறு வேலைக்கு மாற்றலாகிப் போனார். மேடு ஏற்றத்திலும் முப்பத்தாறு அடிதான், இறக்கத்திலும் அதேதான். இடையில் சாலை இன்னும் இரண்டு முறை சரிந்தது, இரண்டு முறை திரும்பப் போட்டார்கள். மேடு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. லோரிக்காரர்கள் அந்த இடத்தில் பிரேக் பிடித்துப் பழகிக்கொண்டார்கள். 1984இல் தனலெட்சுமி பஸ் பிடித்துப் போய் ஒருமுறை பார்த்தாள். அரைமணி நேரம் பக்கத்தில் நின்றாள். ஒன்றும் தோன்றாததால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். அதன்பின் இராமலிங்கம்தான் மாதாமாதம் வந்து, இன்ன மைலில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் காப்பி குடித்துவிட்டுப் போவார்.

1994இல் மேடு பிரிக்பீல்ட்சை நெருங்கியபோது நோட்டீஸ் வந்தது. தனலெட்சுமி குடியிருந்த வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்கள், மே மாதம் இரண்டாம் திங்கட்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், மாற்று வீடு சுங்கை வேயில். மற்றவர்கள் சாமான்களை ஏற்றிவிட்டார்கள். கடைசி வீடான தனலெட்சுமி வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்தது. இத்தனை வருடம் நகர்ந்து வருகிறவர் வந்து பார்க்கும்போது வீடு இல்லாமல் போனால் எங்கே போவார் என்ற ஒன்றுதான் அவளுக்குப் பயம். பதினாறு வருடத்தில் அவளுக்குத் தோன்றிய முதல் பயம் அதுதான். கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை மேடு சந்துக் குழாயடியில் இருந்தது. இராமலிங்கம் டேப் வைத்துப் பார்த்தார். வாசற்படிக்குச் சரியாக முப்பத்தாறு அடி. மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் எந்தக் காலத்திலும் வேலைக்குப் போனதில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே இடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஓட்டிவந்த பாலன் என்பவரிடம் தனலெட்சுமி விவரத்தைச் சொன்னாள். அவர் குழாயடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "மத்தியானம் வரைக்கும்தானே ஆன்டி, நான் அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன் லா" என்றார். பத்து வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தூசியில் தனலெட்சுமி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சிமெண்டுப் படி மெல்லப் புடைத்து நின்றது.

இராமலிங்கத்துக்கு அன்று முடியெல்லாம் நரைத்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டோர் நிற்பது மாதிரி நிமிர்ந்து நின்று, "வேலாயுதம்" என்று கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இந்தத் தடவை அவர் யாருக்காகவும் குரல் கொடுக்கவில்லை.

"வந்துட்டாருண்ணே" என்றாள் தனலெட்சுமி. பிறகு படியில் கை வைத்து, "வேலை முடிஞ்சிருச்சிங்க. இனிமே போக வேணாம்" என்றாள். தாலியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். பாலன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

மறுநாளிலிருந்து மேடு நகரவில்லை. வீடு இருந்த இடத்தில் புதுச் சாலை போட்டபோது அதை நசுக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் மஞ்சள் கோடு அடித்து வேகத்தடை என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள். கோடு அடிப்பதற்காக நீளம் அளந்தார்கள். ஐந்தடி ஏழு அங்குலம்.