கம்ப்யூட்டர் வரைந்த ராஜமேரி

ராஜமேரிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. தர்மபுரியில் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்தாள். சொந்த ஊர் பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு கிராமம். அங்கே அண்ணன் அருள்சாமி குடும்பத்தோடு விவசாயம் பார்த்து வந்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஊருக்குப் போய் வருவாள். மற்ற நாளெல்லாம் டவுனில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் குடித்தனம்.

அவளுடைய இடது கன்னத்தில் காதோரத்திலிருந்து தாடை வழியாகக் கழுத்துவரை ஒரு சூட்டுத் தழும்பு இறங்கியிருந்தது. சின்ன வயதில் பட்டது. தோல் அங்கே வெளிறி, மடிப்பு மடிப்பாக இழுத்துக்கொண்டிருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் வந்தார்கள், மரியாதையாகவே எழுந்து போனார்கள். பிறகு வருவதும் குறைந்துபோனது.

எண்பத்தொன்பதாம் வருசம் கோடையில் தர்மபுரியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் ஒவ்வொருவரும் வீட்டாரோடு போய்வந்து மறுநாள் அதையே பேசினார்கள். ராஜமேரியை யாரும் கூப்பிடவில்லை. வேண்டாமென்று இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தனியாகவே போனாள். ராட்டினம், அப்பளக் கடை, வளையல் கடை எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தாள். தனியாகப் போனால் எதையும் சீக்கிரம் பார்த்து முடித்துவிட முடிகிறது. வீட்டுக்குக் கிளம்பலாம் என்று திரும்பியபோதுதான் ஒரு கடையின் முன்னால் கூட்டம் நிற்பதைப் பார்த்தாள்.

‘கம்ப்யூட்டர் ஓவியம்’ என்று போர்டு வைத்திருந்தார்கள். உள்ளே மேசைமேல் ஒரு டி.வி. பெட்டி, தட்டச்சு மாதிரி ஒரு பலகை, தலைகீழாகத் தொங்கும் ஒரு கேமரா. கொடுக்கிற போட்டோவைக் கேமராவுக்கு அடியில் வைத்து விளக்கைப் போட்டால், முகம் டி.வி.யில் கோடு கோடாக, பென்சிலால் வரைந்த மாதிரி வந்தது. அதன்பிறகு பின்னணி. சிரிக்கிற நிலாவும் படகும், அரண்மனை, வாத்துக்குளம், ஆகாய விமானம் என்று குழந்தைகள் புத்தகத்தில் வருவது போன்ற கார்ட்டூன் படங்கள் மெஷினுக்குள் இருந்தன. கேட்டதைப் பின்னால் பொருத்தி ஒரு தட்டுத் தட்டினால், பக்கத்தில் இருந்த பிரின்டர் கிர்ர் கிர்ர் என்று முன்னும் பின்னும் ஓடிப் படத்தை வெளியே தள்ளியது. தாளின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை.

மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவன் பெயர் தீர்த்தகிரி. கம்பைநல்லூர்க்காரன். பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு முதலாளியிடம் சேர்ந்து ஊர் ஊராகப் பொருட்காட்சியோடு சுற்றிக்கொண்டிருந்தான்.

“போட்டோ இல்லாட்டி பரவால்லீங்க, நேரா இந்த ஸ்டூல்ல உக்காந்தாலும் எடுக்கலாம்” என்று அவளிடம் சொன்னான்.

டி.வி. கூட்டத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. ராஜமேரி ஸ்டூலில் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து, அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய சின்ன போட்டோ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“பின்னாடி என்ன போடட்டுங்க?”

“நிலா.”

படகு ஒரு குடும்பமே உட்காருகிற அளவுக்குப் பெரிதாக இருந்தது. அவளுடைய முகம் ஒரு ஓரத்தில் வந்து உட்கார்ந்தது.

“வேற யாரு போட்டோவாச்சும் வெச்சிருக்கீங்களா? படகுல எடம் கெடக்குது.”

“இல்லீங்க. நான் மட்டுந்தான்.”

தாள் கைக்கு வந்தபோது அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மூக்கு அவளுடையது. நெற்றி, நடு வகிடு, கழுத்துச் சங்கிலி எல்லாம் அவளுடையதுதான். ஆனால் இடது கன்னம் வலது கன்னத்தைப் போலவே வெறுமையாக இருந்தது. போட்டோவில் மங்கலாகத் தெரிந்த தழும்பை மெஷின் எடுக்காமல் விட்டிருந்தது. கூட்டத்தை விட்டு விலகி வந்து, ஒரு ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று மறுபடி பார்த்தாள். தனக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தாள்.

அறையில் அதைச் சுவரில் ஒட்டினாள். காலையில் தலை வாரும்போது கண்ணாடியைப் பார்ப்பாள், பிறகு படத்தைப் பார்ப்பாள். யாரோ கூட இருப்பது போல இருந்தது. இரண்டொரு தடவை அதனிடம் “போயிட்டு வரன்” என்றுகூடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தக்காளி மண்டிக்கு வந்த அருள்சாமி அந்த வாரமே அவள் அறைக்கு வந்தான். சுவரைப் பார்த்ததும் நின்றான்.

“இது நீயா மேரி?”

“பொருட்காட்சியில போட்டுக் குடுத்தாங்கண்ணா.”

அவன் படத்தைச் சுவரிலிருந்து பிரித்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான். “ஓசூர்ல ஒரு எடம் வந்திருக்குது. இன்னாசிராஜுன்னு பேரு. கம்பெனியில ஸ்டோர் பாக்கறாரு. சம்சாரம் தவறி ரெண்டு வருசமாச்சு, கொழந்த இல்ல. போட்டோ கேட்டாங்க. எத குடுக்கறதுன்னு ரோசனையா இருந்தன். இதயே குடுத்துடறன்.”

“அண்ணா, இதுல தழும்பு இல்ல.”

“நேர்ல வந்தா பாத்துக்கப் போறாங்க. முதல்ல வாசப்படி ஏறட்டும். அப்புறம் உன் குணம், உத்தியோகம்னு பேசலாம்.”

வேண்டாமென்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் அருள்சாமியின் வீட்டுக்கு வந்தார்கள். இன்னாசிராஜும் அவனுடைய அக்கா மிக்கேலம்மாளும். இன்னாசிராஜுக்கு நாற்பது இருக்கும். காதோரம் நரை, சட்டைப் பையில் பேனா, அதிகம் பேசாத ஆள். ராஜமேரி காபித் தட்டோடு வந்ததும் மிக்கேலம்மாள் டம்ளரை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பையிலிருந்த தாளை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

“இது எப்ப ஆனது கண்ணு?”

“சின்ன வயசுலீங்க.”

“படத்துல காணமே.”

“அது கம்ப்யூட்டர் படங்க” என்று அருள்சாமி குறுக்கே புகுந்தான். “அதுல அப்பிடித்தான் வரும்.”

உள்ளே அருள்சாமியின் மனைவி ஞானமேரி பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே வருவதா வேண்டாமா என்று நின்றாள். இன்னாசிராஜ் காபியைக் குடித்து முடித்தான். எழுந்து, டம்ளரைத் தானே கொண்டுபோய்ச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு வந்தான். பிறகு அருள்சாமியைப் பார்த்துச் சொன்னான்.

“எனக்கு முகம் ஒரு விசயமே இல்லீங்க. செத்தவளும் அழகின்னு யாரும் சொன்னதில்ல, நாங்க நல்லாத்தான் இருந்தோம். முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கு வேற பேச்சு பேசியிருப்பன். இனிமே நீங்க எதச் சொன்னாலும், இதுல எத மறைக்கறாங்கன்னுதான் மனசு போகும். தப்பா எடுத்துக்காதீங்க.”

ராஜமேரி பக்கம் திரும்பி, “வரங்க” என்றான். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல் வாய்வரை வந்தது. அண்ணன் பக்கத்தில் நின்றதால் தலையை மட்டும் ஆட்டினாள். மிக்கேலம்மாள் தாளை நாற்காலிமேல் வைத்துவிட்டுத் தம்பியின் பின்னால் போனாள்.

“நெசமான போட்டோவயே குடுத்திருக்கலாம்” என்றாள் ஞானமேரி.

“குடுத்துக் குடுத்துதான் இந்த வயசாச்சு” என்று கத்தினான் அருள்சாமி. கத்திவிட்டு, தங்கை காதில் விழுந்துவிட்டதே என்று வெளியே எழுந்து போனான்.

தர்மபுரிக்குத் திரும்பும் பஸ்ஸில் ராஜமேரிக்கு அழுகை வரவில்லை. வேண்டாமென்று எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், அது பழகிவிட்டது. ஆனால் அவர்கள் யாருமே அவள் செய்த காரியத்துக்காக அவளை வேண்டாமென்று சொன்னதில்லை. இவன் சொன்னான். டம்ளரைத் தானே எடுத்து வைக்கிற மனிதன். அவனோடு இருந்திருக்கலாம் என்று பாலக்கோடு தாண்டும்வரை நினைத்துக்கொண்டே வந்தாள்.

பொருட்காட்சி இன்னும் சில நாளில் முடிகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவள் மத்தியானம் லீவு சொல்லிவிட்டுப் போனாள். வெயிலில் மைதானம் காலியாகக் கிடந்தது. ராட்டினம் ஓடவில்லை. தீர்த்தகிரி டேபிள் ஃபேனை மெஷினுக்குக் காட்டி வைத்துவிட்டு, தான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ராஜமேரி தாளை அவன்முன் விரித்தாள். “இந்தப் படத்துல ஒண்ணு வுட்டுப் போச்சுங்க.”

அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். “மெஷினுக்கு நல்ல கறுப்பும் நல்ல வெள்ளையுந்தாங்க தெரியும். நடுவுல இருக்கற சாயல் அதுக்குத் தெரியாது. வேணும்னு பண்ணலீங்க.”

“உங்க மேல கொற சொல்ல வரல. இந்தத் தழும்பப் போட முடியுமா?”

“போடறதா?”

“ஆமா.”

தீர்த்தகிரி தாளை வாங்கி மேசைமேல் வைத்தான். “எல்லாரும் எடுக்கத்தான் சொல்வாங்க. மருவ எடு, சொட்டைய மூடு, பல்ல உள்ள தள்ளு. போடச் சொல்லி யாரும் வந்ததில்லீங்க.”

அவள் எடுத்துக் கொடுத்த பழைய போட்டோவை மறுபடி கேமராவுக்கு அடியில் வைத்தான். முகம் டி.வி.யில் வந்தது. அம்புக்குறி போட்ட சாவிகளால் ஒரு சின்னப் புள்ளியை நகர்த்தி, வேண்டிய இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அங்கே கறுப்பு விழுந்தது. அவன் காதோரத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கினான்.

“இன்னும் உள்ள வரணும்” என்றாள். “இல்லீங்க, அது நேராப் போகாது. இங்க வளையும்.”

அவன் அழித்துவிட்டு மறுபடி போட்டான். அவளை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு போட்டதால் தப்பாகவே வந்தது.

“நான் டைப்பிஸ்டுதான். நானே போடட்டுமா?”

அவன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். அவள் உட்கார்ந்தாள். முதலில் புள்ளி தாறுமாறாக ஓடியது, பிறகு விரலுக்கு அடங்கியது. கண்ணாடி தேவைப்படவில்லை. இடது கையால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு, வலது கையால் தட்டினாள்.

“எப்பிடி ஆச்சுன்னு கேக்கலாங்களா?”

“எங்கூர்ல கரும்பாலை ஓட்டுவாங்க. கொப்பரையில பாகு கொதிக்கறத வேடிக்க பாத்துட்டு நின்னன். எங்கப்பா துடுப்புல கிண்டினப்ப தெறிச்சிருச்சு. அப்ப எனக்கு அஞ்சு வயசு.” தட்டுவதை அவள் நிறுத்தவில்லை. “அதுக்கப்புறம் அவரு வெல்லத்தத் தொடவே இல்ல. காபியக்கூட வெறுமனேதான் குடிப்பாரு. நான் எவ்வளவோ சொல்லியும் கேக்கல.”

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடையும் என்று நினைத்திருந்தாள். உடையவில்லை.

“பின்னாடி என்னங்க போடறது?” என்றான் தீர்த்தகிரி. “நிலா வேணாம்ல?”

“இருக்கட்டும். நிலா என்ன பண்ணுச்சு?”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிரின்டர் ஓடி முடிந்ததும் தாளைக் கிழித்து இரண்டு கையாலும் கொடுத்தான். அடுத்து வேலூர் என்றும், அதற்கப்புறம் எந்த ஊர் என்று முதலாளிக்குத்தான் தெரியும் என்றும் சொன்னான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விலாசம் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த முறை அருள்சாமி வந்தபோது அவள் அந்தப் படத்தை அவன் கையில் கொடுத்தாள். “இனிமே யாராச்சும் கேட்டா இதக் குடு. இல்லாட்டி எதையும் குடுக்காத.”

அருள்சாமி பார்த்தான். கோடுகளில் அந்தத் தழும்பு நேரில் இருப்பதைவிட அழுத்தமாக விழுந்திருந்தது. “இதக் கொண்டுபோய் யாருக்கு மேரி காட்டறது?” என்றான். கோபமாக இல்லை, களைத்துப்போய்ச் சொன்னான். எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டான். அதன்பிறகு மண்டிக்கு வந்தாலும் அறைக்கு வருவது குறைந்தது. மழைக்காலம் வந்தது. எந்த இடமும் வரவில்லை.

மார்கழியில் ஒரு நாள், கிறிஸ்துமஸுக்கு அண்ணன் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு தர்மபுரி பஸ் நிலையத்தில் நின்றபோது, “நல்லா இருக்கீங்களா?” என்று யாரோ கேட்டார்கள். இன்னாசிராஜ் நின்றிருந்தான். பக்கத்தில் புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் மாறாத ஒரு பெண்.

“இவங்க பேரு ராஜமேரி, பாலக்கோட்டுப் பக்கம்” என்று மனைவியிடம் சொன்னான். அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினான்.

“என்னப் பொண்ணு பாக்க வந்தாருங்க” என்றாள் ராஜமேரி. “நாங்க தழும்ப மறைச்சு படம் குடுத்துட்டோம். தப்பு எங்க மேலதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல.”

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். இன்னாசிராஜ் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். “நானும் அன்னிக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டங்க” என்றான் மெதுவாக.

ஓசூர் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அந்தப் பெண் ஏறுவதற்கு முன் திரும்பி, “வரங்கக்கா” என்றாள். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து கையும் அசைத்தாள். ராஜமேரியும் அசைத்தாள்.

பாலக்கோடு பஸ் வர நேரமிருந்தது. இன்னாசிராஜ் கடைசியாகச் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். அதைக் கேட்காமலே இருந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. குளிர்காற்று அடித்தது. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு கிழவர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்து, “எந்தூரு போவணும்மா?” என்று கேட்டார். அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.