விற்பனைக்கு ஒரு ஃபிலிம் கேமரா, நல்ல நிலையில்

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட்டில் போட்டோ எடுக்கும் டிஜோ, தன் பழைய ஆட்டோஃபோகஸ் கேமராவை விற்கப் போவதாகவும் அதன் சிறப்பம்சங்களை நல்ல தமிழில் எழுதித் தரும்படியும் கேட்டான். எழுதுகிறவன் என்று ஊரில் பேர் வாங்கிவிட்டால் மனுவிலிருந்து மரண அறிவிப்புவரை எல்லாம் நம் தலையில்தான் விழும். சரி என்றேன். ஏன் விற்கிறாய் என்று மட்டும் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன், அவன் சொன்னான், விளம்பரம் கெட்டது.

1. தானே ஃபோகஸ் பிடிக்கும்

"முப்பத்தைந்து வருடத்துக் கேமரா. பொத்தானைப் பாதி அழுத்தினால் போதும், லென்ஸ் தானாகத் திரும்பி ஃபோகஸ் பிடிக்கும். உள்ளே பார்த்தால் நடுவில் ஒரே ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் எது இருக்கிறதோ அதை மட்டும்—"

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு அந்தச் சதுரத்துக்குள் இருந்தது, இறந்துபோன மரியபுஷ்பத்தின் விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பம் முழுக்க அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதம். எங்களுக்கு அந்தப் படம் இல்லையென்றால் அடக்கமே முழுமையாகாது. மரியபுஷ்பத்துக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் சகாயம், இளையவள் ஆன்மேரி. இருவரும் பேசிப் பதினொரு வருடம். (ஏன் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அது அவர்கள் வீட்டு விஷயம்.)

2. மோட்டார்

"ஃபிலிமைக் கையால் சுற்ற வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் மோட்டார் விர்ரென்று தானே சுற்றிக்கொள்ளும்."

உள்ளே ஃபிலிம் இல்லாவிட்டாலும் அதே விர்ர்தான். விளம்பரத்தில் இதை எப்படிப் போடுவது?

'டிஜோ ஒரு பகட்டுக்காரன்' என்று முதலில் எழுதினேன். அடித்தேன். 'அந்த அம்மாவுக்கு நல்ல படம் அமைய வேண்டுமென்று நினைத்தவன்' என்று மாற்றினேன். அதை அவனிடமே வாசித்துக் காட்டியபோது தலையைக் குனிந்துகொண்டு, "இல்லண்ணே, பெருமைக்குத்தான் சொன்னேன்" என்றான். ஆகவே முதல் வரி திரும்ப வந்துவிட்டது.

அவன் சொன்னது இதுதான். உறவுக்காரர்கள் பெட்டியைச் சுற்றிச் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். "போனை எல்லாம் உள்ள வைங்க. இது ஃபிலிம், நூறு வருசம் நிக்கும்" என்றான் டிஜோ. எல்லோரும் பைக்குள் வைத்தார்கள். ஜெபம் சொல்ல வந்த பாதிரியார் அச்சன்கூட ஓரமாக நகர்ந்து நின்றார். பள்ளத்திலிருந்து மஞ்சு பனிமூட்டமாக ஏறி வந்துகொண்டிருந்தது. லென்ஸ் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலைந்தது. டிஜோ அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு ஆறு தடவை அழுத்தினான். மழை வரும் என்று அவசரப்படுத்தி உடனே பெட்டியை மூடினார்கள்.

3. கண்ணாடி

"படம் விழும் கணத்தில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பும். எடுப்பவருக்கு அந்த நொடி இருட்டாகத் தெரியும். பழுது அல்ல, இந்த வகைக் கேமராவின் இயல்பே அதுதான்."

(இந்தப் பத்தி நன்றாக வந்திருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.)

4. குறைகள், நேர்மையாக

எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டும் சின்னத் திரையில் மை கசிந்து கறுத்துவிட்டது. ஃபிலிம் இருக்கிறதா என்று பார்க்கப் பின்மூடியில் ஒரு கண்ணாடித் துளை உண்டு. வெளிச்சம் புகுகிறதென்று டிஜோ அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. முந்தின வாரம் வட்டவடையில் ஒரு கல்யாண ஜோடியை எடுத்துவிட்டு ரோலைக் கழற்றியவன், புதிது போட மறந்திருக்கிறான். மூடியைத் திறந்து திறந்து மூடினானாம், அடுத்த தடவை இருக்கும் என்பதுபோல.

அன்று சாயங்காலமே ஆன்மேரி படத்தைக் கேட்டாள். கொச்சிக்குக் கழுவ அனுப்பியிருக்கிறேன் என்றான். மூன்று மாதமாகப் படம் கொச்சியில்தான் இருக்கிறது. கடைக்குப் போவதற்குக்கூட அவள் வீட்டு வழியை விட்டுவிட்டு மேட்டைச் சுற்றிப் போகிறான்.

5. முடிவுகள்

அ. டிஜோ உண்மையைச் சொல்கிறான். அவள் அழுதுவிட்டு மன்னிக்கிறாள். எழுதிக் கிழித்தேன். அந்த மன்னிப்பு என் வசதிக்கு வந்தது.

ஆ. கொச்சியில் ரோல் பாழாகிவிட்டது. இது டிஜோவின் யோசனை. ஆன்மேரிக்கு அனுப்ப நாலு வரி வேண்டுமென்றான். எழுதிக்கொடுத்தேன். நம்பும்படி இருந்தது. அதை வாசித்தபோது எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இ. அதை அனுப்புவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆன்மேரியே கூப்பிட்டாள். சனிக்கிழமை அவளுக்குக் குவைத் விமானம். முப்பதாம் நாள் பூசையிலேயே சகாயம் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"படம் அழகா வரணும்னெல்லாம் இல்லடா டிஜோ. நீ எடுக்கையில என் தோளுல ஒரு கை இருந்துச்சு. அண்ணன் கை மாதிரி இருந்துச்சு. பின்னால அத்தன பேரு நின்னாங்க, யாரு கையோ. அவருகிட்டயே கேட்டு, இல்லன்னுட்டா நான் தாங்க மாட்டேன். படத்துல பாத்துக்கிறேன். அவரு கைதான்னா, போறதுக்கு முன்னால நானே போயிப் பேசிருவேன்."

டிஜோவுக்குத் தெரியாது. அவன் பார்த்தது ஜெபமாலையை, அப்புறம் இருட்டை.

இன்று வெள்ளிக்கிழமை. ஆன்மேரி படத்தை வாங்க வருகிறாள். டிஜோ என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் கைதான் என்று சொன்னால் அவள் சகாயத்தின் கதவைத் தட்டுவாள். அது பொய்யாக இருந்து, அவர் கதவைச் சாத்தினால்? படமே இல்லை என்றால் பேசாமலேயே விமானம் ஏறுவாள். என்ன சொல்ல என்று அவன் என்னைக் கேட்கிறான். நான் உங்களைக் கேட்கிறேன், ஏனென்றால் எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

நானும் அன்று இரண்டாவது வரிசையில்தான் நின்றேன், ஆன்மேரிக்கு இரண்டு ஆள் தள்ளி. என் பக்கத்தில் வனிதா, அப்புறம் ஜிபி. அந்தக் கை யாருடையது என்று அவர்களையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். வேறு எங்கேயும் பார்க்காதீர்கள், எல்லோரும் கேமராவைப் பாருங்கள் என்று டிஜோ சொல்லியிருந்தான். நாங்கள் எல்லோரும் கேமராவைத்தான் பார்த்தோம்.