ஒன்றரை முழம் சிமெண்டு

கொக்குகள் முதலில் என் கனவில்தான் வந்தன. மதியச் சோறு தின்றுவிட்டு, கடைக் கதவைப் பாதி இழுத்துச் சாத்தி, வலைத் தூளியில் படுத்திருந்தேன். இரண்டு சலவை இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கண் சொருகிவிடும். கனவில் எங்கள் சந்து முழுக்கத் தண்ணீர் ஏறியிருந்தது. வீட்டுக்கு ஒன்றாகக் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. மீனைத் தேடவில்லை. கதவு எண்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

கண் விழித்தால், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் அளவு நாடாவோடு என் வாசலில் குந்தியிருந்தான். வீடு, மனை தரகர்களை சைகோனில் நாங்கள் கொக்கு என்றுதான் சொல்வோம். ஆகையால் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தூக்கம் கெட்டதில்தான் எரிச்சல்.

"என்னய்யா அளக்குற? என் வாசலுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"இல்லக்கா, இந்தப் படிய அளக்குறேன்," என்றான். பெயர் கியெத். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பையன். "ஒன்றரை முழம் வெளிய நீட்டிட்டு இருக்கு. இது மட்டும் இல்லேன்னா உங்க சந்துல கார் நுழையும்."

"நுழைஞ்சு?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான்.

எங்கள் ஊரில் சந்துகள் இரண்டே வகை. கார் நுழைகிற சந்து, நுழையாத சந்து. இரண்டிலும் அதே எலி, அதே சாக்கடை, அதே பக்கத்து வீட்டுச் சண்டை. ஆனால் கார் நுழைந்துவிட்டால் வீட்டின் ஜாதகமே மாறிவிடும். நான்காம் வட்டத்தில் இருக்கிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். முன்பெல்லாம் டாக்சிக்காரன் பாலத்திலேயே எங்களை இறக்கிவிட்டு ஓடுவான், அவ்வளவு ரௌடிப் பேட்டை. இப்போது நிலக் காய்ச்சல் பாலம் தாண்டிவிட்டது. யார் போனைத் திறந்தாலும் ஒரு பட்டியல், அடுத்துக் காய்ச்சல் வரப்போகும் பேட்டைகள் என்று. அதில் நாங்கள் மூன்றாவது. எட்டு மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பேரன் பரீட்சை முடிவைப் படிப்பதுபோல அதைச் சந்துக்கே படித்துக் காட்டினார்.

எங்கள் பக்கம் பிறந்த வரிசைதான் கூப்பிடும் பெயர். மூத்த பிள்ளை 'ரெண்டு'. ஒன்று என்று கூப்பிட்டால் கெட்ட ஆவி ஏதாவது காதில் வாங்கிக்கொள்ளுமாம், அதனால் ஒன்று யாருக்கும் கிடையாது. நான் மூன்றாவதாகப் பிறந்தவள், எனவே நாலு. எட்டு மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, சந்தின் கோடியில் இரண்டு மாடி கட்டியவர். படியை உடைக்கச் சொல்லி என்னை மடக்குவதற்கு அவருக்கு இரண்டு வருஷம் போதவில்லை.

"ஏம்மா நாலு, ஒரு படிக்காக ஊரே நிக்குதே. மனு எழுதிப் போட்டுருவேன், ஆமா!"

"போடு மாமா. ஆபீசர் டேப்பு எடுத்துட்டு வந்தா மொதல்ல உன் மாடி மூக்கத்தான் வெட்டுவான். என்னுது ஒன்றரை முழம், உன்னுது ரெண்டரை."

மாமா மனுவை மறந்துவிட்டு நடையைக் கட்டினார். சந்தில் யார் வீடுதான் வெளியே நீட்டவில்லை?

அந்தப் படி, ஆற்று நீர் உள்ளே வராமலிருக்க என் புருஷன் போட்டது. படி காய்ந்த மாதமே அவன் பியென் ஹோவாவில் வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். உருப்படியாக அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான். ஆனால் நான் படியை உடைக்காமல் இருந்தது அவனுக்காக இல்லை. லாய்க்காக.

லாய், எட்டு மாமா வீட்டுக் கீழ்த் தளத்தில் பதினொரு வருஷமாக வாடகைக்கு இருப்பவள். தினமும் விடியும் முன்னே வண்டியைச் சந்து வாய்க்குத் தள்ளிவந்து, என் படியை ஒட்டி அடுப்பு மூட்டி, குருணைச் சோறும் சுட்ட பன்றிக் கறியும் விற்பாள். முதல் இரண்டு வருஷம் எங்களுக்குள் ஓயாத சண்டை. நான் துவைத்த துணியெல்லாம் கறி வாசம். ஒருநாள் ஒரு வங்கிக்காரன் வந்து, "அக்கா, உங்க சலவைச் சட்டையப் போட்டா பத்து மணிக்கே பசிக்குது" என்றான். இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து என் காலைச் சோறு அவள் கையால், அவள் வீட்டுத் துணி என் இயந்திரத்தில். அவளைப் போல எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் வாய்க்கவில்லை. சொல்வதில் என்ன வெட்கம்?

கார் நுழைந்தால் அவள் இருக்க முடியாது. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், சந்தில் நாய்க்கும் தெரியும். கீழ்த் தளம் காப்பிக் கடையாகும், வாடகை எங்கோ போகும். அதனால்தான் நான் படிமேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு, வருகிற கொக்குகளையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் பிறை மாதத்தில் லாயின் மகள் துயெனுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை லாங் ஆன் பக்கம். நாள் பார்க்கிறவர் மாதத்தின் பதினேழாம் தேதி, பூனை வேளை என்று குறித்துக் கொடுத்தார். அதாவது காலை ஐந்திலிருந்து ஏழு. பௌர்ணமி ஒட்டிய நாள், ஆற்று நீர் உச்சிக்கு ஏறுகிற நேரம். அந்த மனுஷனுக்கு நட்சத்திரம் தெரியும், நான்காம் வட்டத்துச் சாக்கடை தெரியாது.

அன்று மதியம் லாய் வந்து என் தூளியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, உன் படிய ஒடைச்சிடேன்."

கனவென்றே நினைத்தேன். மறுபடி சொன்னாள்.

"உனக்கென்னடி பைத்தியமா? எதுக்கு?"

"மாப்ள வூட்டுக் கார் என் வாசல் வரைக்கும் வரணும்."

"ஏன், பொண்ணுக்குக் கால் இல்லியா?"

"தண்ணி ஏறும்ல. உடுப்பு நனையும்."

"பலகை போடறேன். சந்து முழுக்கப் பலகை போடறேன். இல்லேன்னா எட்டு மாமா மூட்டை தூக்குன தோளு, உன் பொண்ணத் தூக்கிட்டு வருவாரு. அதுக்காக என் படியா? ஏய், ஒடைச்சா என்ன ஆவும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"தெருவுல நிப்ப!"

"தெரியும்க்கா. நீ ஒடை."

அவள் என்னிடம் எதுவும் கேட்டவளில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட மாத்திரை கேட்கமாட்டாள், நானே போய்த் திணிக்க வேண்டும். நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவள் மூன்று நாளும் வழக்கம்போலச் சோற்றுத் தட்டை என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள், முட்டையோடு. நான்காம் நாள் எட்டு மாமாவிடம் சம்மட்டி கேட்டேன். மனுஷன் செருப்புகூடப் போடாமல் சம்மட்டியோடு ஓடிவந்தார்.

அரை நாள் வேலை. உடைத்து முடித்துப் பார்த்தால், சந்து வாய் பல் விழுந்த பொக்கை வாயாய்த் திறந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. சிமெண்டுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பதினேழாம் தேதி விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர் ஓசையே இல்லாமல் ஏறிக் கணுக்காலுக்கு மேல் நின்றது. வாசல்தோறும் கட்டிய சிவப்புத் துணி தண்ணீரிலும் தெரிந்தது. யாரோ ஒருவருடைய செருப்பு என் கடை முன்னால் நிதானமாக மிதந்து போனது. அப்போது முகப்பில் வெள்ளைப் பூக்கள் கட்டிய கார் சந்து வாயில் திரும்பி, என் படி இருந்த இடத்தைத் தாண்டி, மெல்ல உள்ளே போனது. சக்கரம் கண்ணுக்குத் தெரியவில்லை. கார் வீடுகளுக்கு நடுவே மிதந்து போவதாகத்தான் தெரிந்தது. சன்னல்களிலிருந்து யாரும் கத்தவில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எங்கள் சந்துக்குள் வந்த முதல் கார் அது.

சிவப்புத் துணி மூடிய தட்டுகள் இறங்கின. வெற்றிலை பாக்கு வைத்தார்கள், பெரியவர்கள் ஊதுபத்தி ஏற்றினார்கள், துயென் அழுதாள், சிரித்தாள். நான் போய் அவள் காதில் தோடு மாட்டிவிட்டு வந்தேன். பெண்ணை அனுப்பும்போது பெற்றவள் கூடப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. லாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள். நான் அதற்குள் என் கடைக்கு வந்துவிட்டேன், அங்கே நின்றால் என்னால் தாங்க முடியாது. கார் பின்புறமாக ஊர்ந்து ஊர்ந்து சந்து வாய்க்கு வந்தது. அதற்கு அப்பால், கோடியில், லாய் தெரிந்தாள். கையசைக்கவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டினாளோ என்னவோ.

இதையெல்லாம் இன்னொருவனும் பார்த்துக்கொண்டிருந்தான். கியெத், கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு, ஓரமாக ஒற்றைக் காலில் சாய்ந்து, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மறுவாரமே விளம்பரம் வந்தது. 'கார் நுழையும் சந்து, பாலத்திலிருந்து ஐந்து நிமிடம்.' படத்தில் அந்தப் பூக் கார். ஓரத்தில் கலங்கலாகச் சிவப்பாய் ஏதோ தெரிந்தது, அது துயென். தண்ணீரை மட்டும் எப்படியோ அழித்திருந்தான்.

பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது ஒன்றும் இல்லை. வட்டக் கண்ணாடி போட்ட ஒரு ஜோடி வந்து எட்டு மாமா வீட்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, "பழசு, எவ்ளோ அழகு!" என்றது. சுவரில் பாசியைத் தவிர அழகு எதையும் நான் கண்டதில்லை. மாமா என் கடைக்கு வந்து, துவைக்கக் கொடுக்காத சட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா, சொல்ல வந்ததச் சொல்லு."

"என் மூத்தவன் ரெண்டு, காப்பிக் கடைக்கே விடணும்னு புடிவாதமா நிக்கிறான். லாய தெத் புதுவருஷப் பண்டிகை வரைக்கும் இருக்கச் சொல்லிட்டேம்மா. நான் என்ன செய்ய?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரைத் திட்ட நாக்கு வரை வந்தது. சம்மட்டி பிடித்த கை என்னுடையது அல்லவா, முழுங்கிவிட்டேன்.

லாய்க்கு இன்னும் இரண்டு பாலம் தள்ளி ஒரு அறை கிடைத்தது. அந்தப் பேட்டை பெயரைக் கேட்டதும் கியெத் உற்சாகமாக, "அட, அடுத்த பட்டியல்ல அதான்க்கா மொதல்ல வருது!" என்றான். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தான். ஈரத் துணியால் அவனை அடித்தேன்.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் சாமான் ஏற்ற வண்டி வந்தது. சின்ன லாரி. கோடி வரைக்கும் சிரமமில்லாமல் உள்ளே போனது. பாத்திரங்களை நாங்கள் இருவரும் கட்டினோம். என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லுடி. உடுப்பு நனையுமேன்னா என் படிய ஒடைக்கச் சொன்ன?"

அவள் குண்டானுக்குள் கரண்டிகளை அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"பொண்ணு பொறந்த வூட்ட விட்டுப் போகையில திரும்பிப் பாக்கக் கூடாதுல்லக்கா."

"அது தெரிஞ்ச கதைதான்."

"என்னைப் படகுல கூட்டிட்டுப் போனாங்க. நான் திரும்பல. எங்கம்மா கரையில என் முதுகப் பாத்துட்டு நின்னுருக்கா. அடுத்த மழைக்குள்ள அவ போயிட்டா." கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். "நம்மது முட்டுச் சந்து. உள்ள வந்த கார் திரும்ப எடமில்ல. வந்த மாதிரியே பின்னாலயேதான் போவணும்."

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை.

"துயென் தலையத் திருப்பவே இல்லக்கா. முறை தப்பல. மூஞ்சி என்னப் பாத்தபடியே போச்சு. உன் கடை வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்."

"அதுக்கா..." என்றேன். "அதுக்கா வூட்டயே குடுத்த?"

"வாடகை வூடுதானக்கா," என்றாள் லாய். "அது எப்பவும் போறதுதான்."

டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் முன் இருக்கையில் ஏறி, மடியில் அடுப்பை வைத்துக்கொண்டாள். வழியனுப்ப எல்லோரும் சந்து வாய்க்கு நடந்தார்கள். நான் போகவில்லை. அவள் காலி செய்த வாசலிலேயே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி பின்புறமாக நகர்ந்தது.

"போக்கா, மெஷின் நின்னிருக்கும்!" என்று கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

நிற்கட்டும் என்று நான் அசையாமல் இருந்தேன். என் கடை வரைக்கும் அவள் முகம் தெரிந்தது.