புளியங்கட்டை வாசற்படி

1

இந்தக் கதை ஓர் ஆணியிலிருந்து கிளம்பியது. பழைய கதவைக் கழற்றி அலமாரி செய்துகொள்ளலாம், பார்க்க லட்சணமாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, நானே உட்கார்ந்து ஆணி பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கினால் உள்ளே இன்னொன்று. அதையும் பிடுங்கினால் பலகை பிளக்கிறது. கொறடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். இதுவும் அதே பாடுதான் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் எழுதியது: ‘கல்வராயன் மலைமேல் கருமேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த…’

வேண்டாம். இந்தக் கதையில் மேகத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்து: ‘கொளஞ்சியப்பன் எதையும் யோசித்துச் செய்கிற…’

அது சுத்தப் பொய். கண்ணுங்களா, கொஞ்சம் பொறுங்கள். ஒழுங்காகச் சொல்கிறேன்.

2

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கொளஞ்சியப்பனும் ஆயம்மாளும் கூலி வேலை செய்பவர்கள். மண்சுவர் வைத்துக் கூரையும் போட்டாயிற்று. கதவுதான் இல்லை, வாசலில் சாக்குப் படுதா. மகள் சின்னப்பொண்ணு நிறைமாதக்காரி. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வரவேண்டும். அவள் மாமியார் ஆண்டாள் கறாராகச் சொல்லியனுப்பினாள்: நாய் பூந்து வரும் வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சியை அனுப்ப மாட்டேன், கதவு நிற்கட்டும், பிறகு பார்க்கலாம்.

எலவனாசூர்கோட்டையில் காசிநாதன் என்பவரின் பழைய வீட்டை இடித்தபோது கொளஞ்சியப்பன் வேலைக்குப் போயிருந்தான். கூலிக்குப் பதிலாக வேங்கை மரக் கதவையும் நிலையையும் கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றிவந்தான். நிலையில் மூன்று கட்டைதான் வந்தது. நான்காவது, கீழே கிடக்கும் வாசற்படிக் கட்டை, வரவில்லை. அதைக் கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று காசிநாதன் கொடுக்கவில்லையாம்.

(வீட்டையே இடித்த பிறகு லட்சுமி எங்கே உட்காருவாள்? கேட்டுப் பார்த்தேன். நான் உண்டாக்கிய ஆள், எனக்கே பதில் சொல்லமாட்டேன் என்கிறார்.)

3

படி இல்லாவிட்டால் நிலையின் இரண்டு காலும் அகன்றுகொள்ளும், கதவு பூட்டாது என்று வேடியப்பன் ஆசாரி சொல்லிவிட்டார். கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு கட்டை வாங்கலாம் என்றால், அது எண்பத்தேழாம் வருஷம், இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை. மரக்கடை பூட்டு.

கொளஞ்சியப்பன் ரோட்டுக்குப் போனான். மறியலில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டு, கனமான ஒரு புளியங்கிளையைத் துண்டாக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

“இன்னாய்யா இது?” என்றாள் ஆயம்மாள்.

“படிக்கட்ட.”

“கறிக்கடையில கறி வெட்டற கட்டைய எம் பொண்ணு தாண்டி வரணுமா?”

“ஊரே ரோட்ல குந்திக்கினு கீது. தேக்கு எங்கேந்து வரும்மே?”

“புளியமரத்துல இன்னா குடியிருக்கும்னு தெரியுமா ஒனக்கு?”

“இருந்தா, வெட்ன சத்தத்துக்கே ஓடியிருக்கும்.”

(எங்கள் பக்கம் புளியங்கட்டை கறிக்கடைக்குத்தான் போகும், வீட்டு வேலைக்குச் சேர்ப்பதில்லை. பேய்க்கு அதுதான் வீடு என்பார்கள். அதற்கும் கதவு உண்டா என்று யாரும் சொன்னதில்லை.)

இந்த இடத்தில் நான் ‘ஆயம்மாள் மனம் இளகி…’ என்று எழுதினேன். எங்கே இளகினாள்? கட்டையை இழுத்துத் தெருவில் தள்ளினாள். அவன் உருட்டிக்கொண்டு வந்தான். மறுபடி தள்ளினாள். உளியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்ற ஆசாரி, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பீடி பற்றவைத்தார். எனக்கும் ஒரு பீடி கிடைத்தால் தேவலை போலிருந்தது.

அப்போது கரும்புத் தோட்டத்து வழியாக வந்த ஒருத்தி சொன்னாள்: ஆண்டாளும் சின்னப்பொண்ணும் வரப்பைப் பிடித்து நடந்து வருகிறார்கள். பஸ் வராது, வலி வந்துவிட்டால் தூக்கிவர ஆளில்லை, அதற்குள் கதவு நின்றிருக்கும் என்று நம்பிக் கிளம்பிவிட்டார்களாம்.

ஆயம்மாள் தெருவுக்குப் போனாள். கட்டையைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள்.

“செதுக்கு ஆசாரி” என்றாள். பிறகு புருஷனிடம், “மஞ்சள நீ கொழ. ஜாஸ்தியா கொழ. இன்னா மரம்னு எவளுக்கும் தெரியக் கூடாது.”

4

அவர்கள் வரும்போது கதவு நின்றது. ஆண்டாள் அதைத் திறந்தாள், சாத்தினாள், தட்டிப் பார்த்தாள். வேங்கை என்றதும் முகம் மலர்ந்தது. நான் பெருமூச்சு விட்டு, முடிவை எழுதக் குனிந்தேன்.

குனிந்த நேரத்தில் சின்னப்பொண்ணு அந்த வாசற்படிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

யாராவது படியில் உட்காருவார்களா? நான் அவளை உள்ளே போகத்தானே சொன்னேன்!

“எந்திரிம்மா, படியில குந்தக் கூடாது” என்றாள் ஆண்டாள்.

“முடியலத்த. காலு எடுத்து வெக்க வரல.”

தூக்கிவிடப் போன ஆயம்மாள் பாதியில் நின்றாள். மஞ்சள் இன்னும் காயவில்லை. மகள் எழுந்தால் அது புடவையோடு வந்துவிடும், அடியில் புளி தெரியும், ஆண்டாள் அவளைத் திரும்பக் கூட்டிப்போவாள். எழாமல் இருந்தால் இந்த நிலைமையில் வாசலிலேயே எத்தனை நேரம் இருப்பாள்?

முடிவு ஒன்று: கொளஞ்சியப்பன் உளறிவிடுகிறான். இரண்டு: அதுவும் வேங்கைதான் என்று ஆயம்மாள் சாதித்துவிடுகிறாள். மூன்று: ஆண்டாளுக்கு முதலிலேயே தெரியும், வேண்டுமென்றே…

மூன்றையும் அடித்துவிட்டேன். பிரசவம் எப்படி நடந்தது என்றும் சொல்லமாட்டேன். நல்லபடி நடந்தது என்றால் மஞ்சளின் மகிமை என்பீர்கள், இல்லையென்றால் புளி செய்த வேலை என்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா?

என்ன மரம், என்ன மரம் என்று எட்டிப் பார்த்தது போதும், கண்ணுங்களா. அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்க்கிறது. ஆளுக்கொரு கை கொடுத்து அவளைத் தூக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.