மூன்றாம் பக்கத்துக் கரடி

தென்னாட்டின் பெருமைகளை எழுதப் புறப்படுகிற எந்தச் சரித்திர ஆசிரியரும் ராயசமுத்திரம் மிருகக் காட்சி சாலையை விட்டுவிட்டு எழுத முடியாது. நுழைவு வளைவைத் திறந்து வைத்தபோது பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் வெங்கடப்பன் இப்படித்தான் பேசினார். வளைவு உண்மையிலேயே பெரியது. இரண்டு பக்கமும் சிமெண்டுச் சிங்கங்கள், நடுவில் பிரசிடெண்டின் பெயர். உள்ளே போனால் ஒரு கரடி, இரண்டு மயில்கள், எண்ணிக்கை அடிக்கடி மாறுகிற முயல்கள், காலியாக ஒரு கூண்டு. அந்தக் காலிக் கூண்டில் 'புலி' என்று பலகை தொங்கியது. புலி வருவதாக இருந்தது. எட்டு வருஷமாக வருவதாக இருந்தது.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை சந்தை. அவரைக்காயும் கேழ்வரகும் விற்று முடித்தவர்கள் வளைவுக்குள் நுழைந்து, கரடியைப் பார்த்து, தூங்குகிறது என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார்கள். கரடி தூங்கவில்லை. எழுந்து நிற்க அதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிறு தவறாமல் வருகிறவர் ஒருவர் உண்டு. அவர் ராஜப்பன். சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வராந்தாவில் பத்திரம் எழுதிப் பிழைப்பவர். காட்சி சாலை தொடங்கிய வருஷம் அஞ்செட்டி மலையிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்த கரடியை முதல் நாளே பார்த்தவர். அது வளர்ந்ததையும், பிறகு இளைத்ததையும் பார்த்தவர். மிருகங்களிடம் அவருக்கு உண்மையான பரிவு இருந்தது. அந்தப் பரிவை அவர் மனுவாக எழுதுவார்.

கூண்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, இந்த எட்டு வருஷத்தில் நாற்பது மனுக்கள் எழுதிவிட்டார். பத்திரம் எழுதுகிறவர் மனு எழுதினால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் பக்கம் முழுவதும் பிரசிடெண்டுக்கு: மகா கனம் பொருந்திய, தர்ம சிந்தனையும் தயாள குணமும் ஒருங்கே அமையப் பெற்ற, இவ்வூர் செய்த புண்ணியத்தின் பலனாய் வந்து வாய்த்த. இரண்டாம் பக்கம் காட்சி சாலைக்கு: கண்டோர் வியக்கும், வெளியூரார் பொறாமை கொள்ளும், சீரும் சிறப்பும் மிக்க. மூன்றாம் பக்கத்தின் அடியில் "நிற்க" என்று ஒரு வார்த்தை. அதற்குப் பிறகுதான் கரடிக்குத் தண்ணீர் இல்லை என்ற சங்கதி வரும். அதையும் தாழ்மையுடன் தெரிவிக்கத் துணிகிறேன் என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போவார். ஒவ்வொரு மனுவுக்குப் பிறகும் அவருக்கு ஒரு வாரம் நன்றாகத் தூக்கம் வரும்.

1955ஆம் வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிறு அவர் வந்தபோது கரடி வழக்கம் போலப் படுத்திருக்கவில்லை. காலித் தொட்டியின் மூலையில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கியது. நாக்கு சிமெண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. கூண்டைக் கூட்டித் தீனி போடும் மாரம்மா ஒரு ஈரக் கந்தலைக் கம்பி வழியாக நீட்டிக்கொண்டிருந்தாள். கரடி அதைச் சப்பியது.

ராஜப்பன் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஏரி செவ்வாய்க்கிழமையோடு வற்றிவிட்டது என்றாள். இதுவரை ஏரியிலிருந்துதான், தொட்டியின் அடி நனையும் அளவுக்கு, தினம் நாலு குடம் சுமந்து வந்து ஊற்றியிருக்கிறாள். இப்போது அவள் சேரியிலேயே குடிக்கத் தண்ணீர் இல்லை. தன் வீட்டுச் சொம்புத் தண்ணீரில் ஒரு வாய் எடுத்துக் கந்தலை நனைத்து வந்திருக்கிறாள்.

"இன்னும் ரெண்டு மூணு நாளு போனா திம்மன் தாங்க மாட்டானுங்க அய்யா," என்றாள். திம்மன் என்பது அவள் கரடிக்கு வைத்த பெயர். போர்டு ரிஜிஸ்தரில் அது 'கரடி, ஒன்று.'

ராஜப்பனுக்குக் கோபம் பொங்கியது. இப்படியும் ஒரு நிர்வாகமா என்றார். காட்சி சாலைக்குத் தண்ணீர் இறைக்கவென்று திம்மராயன் என்று ஒரு ஆள் சம்பளத்தில் இருக்கும்போது அவன் எங்கே போய்த் தொலைந்தான் என்றார். மாரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரு, எழுதி முடித்துவிடுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மகா கனம் பொருந்திய என்று தொடங்கினார். நாற்பத்தோராவது மனு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அவர் எழுதியதிலேயே இதுதான் அழகான மனு. அன்று அதைத் தபாலில் போடவில்லை. விஷயம் அவசரமானது என்பதால் நேரே எடுத்துக்கொண்டு போனார்.

பிரசிடெண்ட் வீட்டுத் தோட்டத்தில் நாலு எருமைகள் குளித்துக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தவன் திம்மராயன். அவன் ராஜப்பனைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தான். எருமைகளும் சந்தோஷமாகத்தான் இருந்தன.

வெங்கடப்பன் அவரைக் கண்டதும் எழுந்தே வந்துவிட்டார். உங்களையே கூப்பிட்டு அனுப்ப இருந்தேன் என்றார். அடுத்த ஞாயிறு காட்சி சாலைக்கு எட்டாம் ஆண்டு விழா. சேலத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். காட்சி சாலை எப்படி நடக்கிறது என்று போர்டு தானே சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்காது. பொதுஜனம் சொல்ல வேண்டும். பொதுஜனம் நாற்பது தடவை சொல்லியிருக்கிறது, எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். எல்லாம் ராஜப்பனின் மனுக்கள். மேலே சிவப்பு நாடா கட்டி 'பாராட்டுக் கடிதங்கள்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

ராஜப்பன் அந்தச் சீட்டைக் காட்டினார். அவையெல்லாம் புகார் என்றார். விஷயம் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது என்றார்.

வெங்கடப்பன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "மூணாம் பக்கமா? என்னாங்க நீங்க. மொதப் பக்கம் படிச்சதுமே எனக்கு மனசு நெறஞ்சு போயிடுதே. அதுக்கப்புறம் எவன் திருப்பிப் பாப்பான்?"

ராஜப்பன் கரடியின் நாக்கு தொட்டியில் ஒட்டிக் கிடப்பதைச் சொன்னார். பிரசிடெண்ட் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் தொட்டி தளும்பிவிடும், திம்மராயனை அனுப்புகிறேன், விழாவில் தொட்டி காலியாக இருந்தால் எனக்குத்தானே கெட்ட பெயர் என்றார். சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று ராஜப்பன் இழுத்தார். மலைக் கரடிக்குத் தாகம் தாங்கும் என்றார் பிரசிடெண்ட். அப்புறம் குரலைத் தாழ்த்தி, விழாவில் ராஜப்பனுக்கு மேடையில் சால்வை போர்த்தி 'நிரந்தரப் பார்வையாளர்' என்று பட்டம் கொடுப்பதாகப் போர்டு தீர்மானம் போட்டிருப்பதைச் சொன்னார். பட்டு பார்டர் போட்ட சால்வை, பெங்களூரில் எடுத்தது.

இந்த இடத்தில் ராஜப்பன் சால்வையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார் என்று எழுத ஆசைதான். அவர் நாற்பத்தோராவது மனுவையும் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தார்.

திரும்பும் வழியில் காட்சி சாலைக்குள் நுழைந்தது அவருக்கே ஆச்சரியம். வெயில் சாய்ந்திருந்தது. சந்தைக் கூட்டம் கலைந்துவிட்டது. மாரம்மா கூண்டருகே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். போன காரியம் என்னவாயிற்று என்று கேட்டாள்.

"எழுதிக் கொடுத்துட்டேன். சனிக்கிழமை தண்ணி வந்துடும்," என்றார் ராஜப்பன்.

அவள் கரடியைப் பார்த்தாள். பிறகு அவருடைய பெஞ்சைப் பார்த்தாள்.

"காலைல சொல்ல வந்தேன், நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க," என்றாள். "உங்க பெஞ்சுக்குப் பின்னால கெணறு இருக்குதுங்களே அய்யா."

கிணறு இருந்தது. பக்கத்துப் பிள்ளையார் கோயில் அபிஷேகத்துக்கும் அதே கிணறுதான். ராட்டினம், கயிறு, வாளி எல்லாம் இருந்தன. எட்டாள் ஆழத்தில் தண்ணீரும் இருந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலே, தீண்டாமை கூடாதென்று அரசியல் சட்டம் வந்த கையோடு போர்டு மாட்டி வைத்த ஒரு பலகையும் இருந்தது. 'இக்கிணறு எல்லோருக்கும் பொது.'

"நீ எடுத்து ஊத்தியிருக்கலாமே. பலகை போட்டிருக்காங்களே," என்றார் ராஜப்பன்.

"போட்டிருக்காங்க. போன வருசம் என் மச்சாண்டாரு அந்தப் பலகைய நம்பிக் கயித்தைத் தொட்டாரு. அவரை அடிச்சப்ப பலகை பாத்துக்கிட்டுதாங்க இருந்துச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. பலமுறை சொல்லிச் சலித்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். "நான் தொட்டா தீட்டு. நீங்க தொட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எட்டு வருசமா அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து, தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு எழுதறீங்க. எனக்கு எழுதத் தெரியாது. தெரிஞ்சவங்க ஏதோ காரணமாத்தான் எழுதறாங்கன்னு இருந்துட்டேன்."

ராஜப்பன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சட்டத்தைப் பற்றிச் சொல்லலாம், நிர்வாகத்தைப் பற்றிச் சொல்லலாம். அவருக்கு இரண்டைப் பற்றியும் நிறையத் தெரியும். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

முதல் வாளி பாதிதான் வந்தது. மீதி அவர் வேட்டியில் கொட்டியது. மூன்றாவது வாளிக்குள் பழகிவிட்டது. அவர் குடத்தில் ஊற்ற, மாரம்மா சுமந்து போய்த் தொட்டியில் ஊற்றினாள். முதல் குடம் தொட்டியை எட்டுவதற்குள் கரடி எழுந்து நின்றது. முன்னங்கால் இரண்டையும் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு, மூக்கு முழுக, சத்தம் போட்டுக் குடித்தது. குடித்து முடித்ததும் தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டது. ராஜப்பன் மூச்சு வாங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம்.

"குறையை எழுதிட்டா என் கடமை தீர்ந்துதுன்னு நெனச்சுட்டேன் மாரம்மா," என்றார். "நிர்வாகம் சரியில்லேன்னு சொல்றதையே ஒரு வேலையா வெச்சுக்கிட்டேன். என் கையால ஆகறதைச் செய்யாம அடுத்தவனைக் குத்தம் சொல்றவன் இருக்கானே, அவனும் அந்த நிர்வாகத்துல ஒரு ஆளுதான். சம்பளம்தான் இல்லை."

மாரம்மா நாளைக்கு என்ன செய்வது என்று கேட்டாள். நாளை திங்கட்கிழமை. ரிஜிஸ்திரார் ஆபீஸ் உண்டு. வெயில் ஏறுவதற்குள் ஒரு தடவை ஊற்றியாக வேண்டும்.

மனம் மாறிய வேகத்தில் ராஜப்பன் நிமிர்ந்து நின்றார். இனிமேல் நீயே இறைத்துக்கொள், சட்டம் உன் பக்கம், யாராவது கேட்டால் ராஜப்பன் சொன்னார் என்று சொல் என்றார். சொல்லும்போது குரல் கணீரென்று இருந்தது. கோயில் பக்கம் யாரும் இல்லை.

மாரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள் என்றாள்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க அய்யா. மாரம்மா இந்தக் கெணத்துல தண்ணி எடுக்கலாம், நான்தான் எடுக்கச் சொன்னேன்னு. கீழ உங்க பேரு. போதும். மூணு பக்கமெல்லாம் வேணாம்."

ராஜப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். அட்டையை மடியில் வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சரி செய்தார். பேனாவைத் திறந்து, தாளின் மேல் கொண்டுபோய், கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை உதறினார். இன்னொரு தடவை உதறினார். மை தீர்ந்துவிட்டது, நாளைக்கு ஆபீஸ் போவதற்கு முன்னால் நானே வந்து இறைத்துவிடுகிறேன் என்றார்.

சரிங்க என்றாள் மாரம்மா.

அவர் சொன்னபடி வந்தார். திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் வந்து இறைத்தார். கரடி பிழைத்துக்கொண்டது.

பேனாவில் மை இருந்தது.